பள்ளம் விழும் முன்னே: தூத்துக்குடிச் சாலைகளை அளப்பதும் காப்பதும்

2025 ஜூன் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலை முறையாகப் பராமரிக்கப்படவில்லை. ஆகவே எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் சுங்கச்சாவடிகளில் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது அதன் சாரம். சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

வழக்கின் சட்டப் பக்கம் நீதிமன்றங்களுக்கு உரியது. அதற்கு அடியில் ஒரு பொறியியல் கேள்வி இருக்கிறது. ஒரு சாலை நன்றாக இருக்கிறது அல்லது கெட்டுவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? லாரி ஓட்டுநரின் முதுகு ஒரு பதில் சொல்லும். ஒப்பந்தக்காரரின் வேலையைப் பதியும் எம்-புக் எனும் அளவுப் புத்தகம் வேறொரு பதில் சொல்லும். இரண்டுக்கும் நடுவே, யாரும் மறுக்க முடியாத அளவீடு ஒன்று வேண்டும். அந்த அளவீட்டிலிருந்து ‘இந்த ஆண்டு எந்தச் சாலைக்கு என்ன வேலை’ என்ற முடிவும் வர வேண்டும்.

அளக்கும் முறைகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. ஆனால் தூத்துக்குடி போன்ற துறைமுகக் கடற்கரையில் சாலையைக் கெடுப்பவை பளு, நீர், உப்பு ஆகிய மூன்றும்தான். மூன்றும் மேற்பரப்புக்குக் கீழே வேலை செய்பவை. மேலே தெரியும் பள்ளத்தை மட்டும் எண்ணிப் பட்டியல் போட்டால், செலவழியும் பணம் அடுத்த மழையோடு போய்விடும். இதுவே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அளவீட்டு முறைகள் ஒவ்வொன்றும் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டத் தவறுகின்றன என்று இனிப் பார்க்கலாம்.

துறைமுகத்திலிருந்து கிளம்பும் எடை

1974-ல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடி, இன்று வ.உ. சிதம்பரனார் துறைமுகம் என்ற பெயரில் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கும் அதிகமான சரக்கைக் கையாளுகிறது. அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் போய்விடும். மற்ற ஆலைகளுக்கான நிலக்கரி, மரத்தடி, சுண்ணாம்புக்கல், முந்திரி, கன்டெய்னர் என மீதியில் பெரும்பகுதி லாரியில்தான் ஏறுகிறது. திருநெல்வேலிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 138, மதுரைக்குப் போகும் 38, ராமநாதபுரம் வழியாக வடக்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையான 32 ஆகிய மூன்றும் இந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

சாலைக்கு வாகனத்தின் எண்ணிக்கை முக்கியமில்லை. ஒவ்வோர் அச்சும் இறக்கும் எடைதான் முக்கியம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊரருகே நடந்த ஆஷோ சாலைச் சோதனை இதை எண்ணில் காட்டியது. அச்சு எடை கூடினால் சேதம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது. மண்ணுக்கும் தார் அடுக்கின் கனத்துக்கும் ஏற்ப அடுக்கு எண் சற்று மாறினாலும், உலகெங்கும் சாலை வடிவமைப்பு இந்த விதியை ஒட்டியே நடக்கிறது.

நம் கணக்கில் நிலையான அச்சு என்பது சுமார் 8.16 டன். 2018 ஜூலையில் மத்திய அரசு நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான உச்சவரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எடையில் இது 13 விழுக்காடு கூடுதல்தான். நான்காம் அடுக்கில் போட்டுப் பார்த்தால் சேதம் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. வரம்பை மீறி 15 டன் ஏற்றிய அச்சு ஒன்று, நிலையான அச்சு 11 முறை ஓடியதற்குச் சமமான சேதத்தை ஒரே ஓட்டத்தில் செய்துவிடும். அரை டன் இறக்கும் கார் அச்சோ, நிலையான அச்சு ஒரே ஒருமுறை ஓடிச் செய்யும் சேதத்தைச் செய்ய சுமார் 70 ஆயிரம் முறை ஓட வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, வாகனக் கணக்கெடுப்போடு அச்சு எடைக் கணக்கெடுப்பும் இல்லாத சாலை ஆய்வு அரைகுறை ஆய்வுதான். இரண்டு, நிறைபாரம் வெளியேறும் தடத்தையும், வெறும் லாரி திரும்பும் தடத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால், சாகும் தருவாயில் உள்ள தடமும் ‘சுமார்’ என்ற பெயரில் தப்பிவிடும்.

கண், சக்கரம், பீம்

சாலை ஆய்வில் கேட்கப்படும் கேள்விகள் நான்கு. மேற்பரப்பில் என்ன சேதம் தெரிகிறது? ஓட்டம் எவ்வளவு சீராக இருக்கிறது? அடுக்குகளுக்கு இன்னும் எவ்வளவு வலு இருக்கிறது? டயருக்குப் பிடிமானம் கிடைக்கிறதா? கடைசிக் கேள்வி விபத்துத் தடுப்புக்கு அவசியமானது. பராமரிப்புத் திட்டத்தைத் தீர்மானிப்பவை முதல் மூன்றும்.

முதல் கேள்விக்குக் கண்ணே கருவி. ஐ.ஆர்.சி. என்று துறையில் சொல்லப்படும் இந்திய சாலைப் பேரவை 1934-ல் தொடங்கியது. அதன் 82-ஆம் விதித்தொகுப்பு 2015-ல் திருத்தப்பட்டபோது, நெடுஞ்சாலைகளுக்கு ஒரு மதிப்பெண் முறையைத் தந்தது. வெடிப்பு பரப்பளவில் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் நன்று, 10-ஐத் தாண்டினால் மோசம். பள்ளம் 0.1 விழுக்காட்டுக்குள் நன்று, 1-ஐத் தாண்டினால் மோசம். சக்கரத் தடத்தில் விழும் குழிவை 3 மீட்டர் நேர்ப்பட்டை வைத்து அளக்கும்போது 5 மில்லிமீட்டருக்குள் நன்று, 10-க்கு மேல் மோசம். ஜல்லி பெயர்வு, ஒட்டுப்போட்ட பரப்பு, அமுங்கிய இடம் ஆகியவற்றுக்கும் இதுபோல வரம்புகள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து 1-லிருந்து 3-க்குள் ஒரு மதிப்பெண் வருகிறது. கிராமச் சாலைகளுக்கு இன்னும் எளிய முறை ஒன்றும் உண்டு. வசதியாக 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடிக்க முடிந்தால் 5. 10-க்குக் கீழே ஊர்ந்தால் 1.

கண்ணால் பார்ப்பது மலிவு. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். வேலை வேண்டும் என்று நினைக்கும் உதவிப் பொறியாளர் கண்ணுக்கு வெடிப்பு அகலமாகத் தெரியும். இரண்டாம் கேள்விக்கான கருவிகள் இந்தக் குறையை நீக்க வந்தவை. பம்ப் இன்டகிரேட்டர் எனும் ஒற்றைச் சக்கர வண்டியை ஜீப்பின் பின்னால் கட்டி மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால், அதன் சக்கரம் ஏறி இறங்கிய மொத்த உயரம் ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கிடைக்கும். உயர்தர தார்த்தளத்தில் 2,000-க்குள் இருந்தால் நன்று. 3,000-ஐத் தாண்டினால் மோசம். நாட்டுக்கு நாடு கருவி மாறியதால், 1982-ல் உலக வங்கி பிரேசிலியாவில் ஒப்பீட்டுச் சோதனை நடத்தியது. அதிலிருந்து பிறந்ததுதான் ஐ.ஆர்.ஐ. எனும் பன்னாட்டுக் குறியீடு. நம் 2,000 என்பது அந்தக் குறியீட்டில் ஏறத்தாழ 2.8.

இந்த எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. போன மாதம் 25 மில்லிமீட்டர் கனத்தில் புதுத் தார் பூசிய சாலை இந்தச் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கிவிடும். அடியில் ஜல்லி சேறோடு கலந்து கிடந்தாலும் சக்கரத்துக்கு அது தெரியாது. மூன்றாம் கேள்வி இங்கேதான் தேவைப்படுகிறது: பாரம் ஏறும்போது சாலை எவ்வளவு அமுங்குகிறது?

இதற்கான பழைய, நம்பகமான கருவி பென்கெல்மன் பீம். 1950-களில் அமெரிக்காவில் பிறந்தது, நம் ஐ.ஆர்.சி. 81 இதை வைத்து எழுதப்பட்டது. சாலையில் இந்தச் சோதனை நடப்பதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். பின் அச்சில் துல்லியமாக 8,170 கிலோ எடை ஏற்றிய லாரி, குறித்த புள்ளியின் மேல் வந்து நிற்கிறது. 3.66 மீட்டர் நீள இரும்புச் சட்டத்தின் முனையை இரட்டை டயர்களின் இடுக்கில் நுழைத்து, தார்த்தளத்தின் மேல் வைக்கிறார்கள். சட்டத்தின் மறுமுனையில் டயல் கேஜ். அருகிலேயே தாரில் விரல் நுழையும் அளவுக்குத் துளைத்த சிறு குழியில் கிளிசரின் ஊற்றி, தெர்மாமீட்டரைச் செருகியிருக்கிறார்கள். முள்ளைப் படித்துக்கொண்டதும் லாரியை மெல்ல நகர்த்தச் சொல்கிறார்கள். 2.7 மீட்டரில் ஒரு வாசிப்பு, மேலும் 9 மீட்டர் போனதும் இன்னொரு வாசிப்பு. பாரம் விலகியதும் சாலை எத்தனை நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் எழும்பியது என்பதே சோதனையின் விடை. தார் 35 பாகைக்கு மேல் சூடாக இருந்தால் அமுக்கம் கூடுதலாகத் தெரியும், பாகைக்கு 0.01 மில்லிமீட்டர் கழிக்க வேண்டும். சித்திரை வெயிலில் துறைமுகச் சாலையில் நண்பகலில் எடுத்த வாசிப்பைத் திருத்தாமல் பயன்படுத்தினால் நல்ல சாலையும் நோஞ்சானாகத் தெரியும்.

பீம் மெதுவாக வேலை செய்யும், போக்குவரத்தையும் மறிக்கும். இன்று அதன் இடத்தை ‘ஃபாலிங் வெயிட் டிஃப்லெக்டோமீட்டர்’ பிடித்து வருகிறது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டின் மேல் எடையை விழவைத்து, ஓடும் லாரிச் சக்கரத்தின் தாக்கத்தை ஒரு நொடியின் சிறு பகுதியில் உண்டாக்குகிறார்கள். வரிசையாக வைத்த உணரிகள் சாலை எப்படிக் குழிந்தது என்று பதிகின்றன. பீம் ஓர் எண்ணை மட்டும் தரும். குழிவின் வடிவத்திலிருந்தோ தார் அடுக்கு, ஜல்லி அடுக்கு, அடிமண் ஒவ்வொன்றின் வலுவையும் பிரித்துக் கணக்கிடலாம். ஐ.ஐ.டி. காரக்பூர் இதில் முன்னோடி ஆய்வுகள் செய்தது. 2014-ல் வந்த ஐ.ஆர்.சி. 115 இதற்கான வழிகாட்டி.

உப்பளம், கரிசல், தேரி

எந்தக் கருவியும் சேதத்தின் அளவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் தெரிய மண்ணைப் படிக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரே நாளில் மூன்று வகை மண்ணைக் கடந்துவிடலாம். வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல். தெற்கே குதிரைமொழி, சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரி. வேம்பாரிலிருந்து தருவைகுளம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி வரை கரையோரம் நெடுக உப்பளம்.

கரிசல் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். முதலில் காய்வது சாலையின் ஓரம். அதனால் புருவம் எனப்படும் ஓர மண்பட்டையை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு ஓடும். சீமைக்கருவேலம் ஓரத்தில் அடர்ந்திருந்தால் அதன் வேர் ஈரத்தை உறிஞ்சி வெடிப்பை விரைவுபடுத்தும். சக்கரத் தடத்தில் விழும் முதலைத்தோல் வெடிப்போ பாரத்தால் வருவது. இரண்டும் ஆய்வுப் படிவத்தில் ‘வெடிப்பு, இத்தனை சதுர மீட்டர்’ என்று ஒரே கட்டத்தில் விழுந்தால், ஓர வடிகாலும் புருவச் சீரமைப்பும் போதுமான இடத்தில் கனத்த தார் அடுக்கு போடப்படும். கனத்த அடுக்கு வேண்டிய இடத்தில் வெடிப்பில் தார் ஊற்றி மூடப்படும். எவ்வளவு என்பதோடு எந்த இடத்தில் என்பதையும் குறிக்க வேண்டும்.

உப்பளச் சாலைகளின் சிக்கல் வேறு. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளையும் பகுதி இது. சாலைக்கு மிகச் சில அடிகளுக்குக் கீழேயே உப்புநீர் நிற்கிறது. மண்ணின் நுண்துளைகள் வழியே அந்த நீர் மேலே ஏறுகிறது. வெயிலும் காற்றும் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகின்றன. மெல்லிய தார்ப்பூச்சுக்கு அடியில் உப்பு படிகமாக வளரும்போது பூச்சு கொப்பளம் போல எழும்புகிறது. காலால் மிதித்தால் பொடிந்து, அடியில் வெள்ளைத் தூள் தெரியும். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா நாடுகளின் பொறியாளர்கள் இந்தச் சேதத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றுள் நமக்கு உதவுவது ஒன்று உண்டு. போக்குவரத்து நிறைந்த தடத்தில் சக்கரங்கள் தார்த்தளத்தை அழுத்திக்கொண்டே இருப்பதால் கொப்பளம் குறைவு. வாகன நடமாட்டம் குறைந்த சாலையிலும் ஓரங்களிலும்தான் அதிகம். ஆகவே வாகன எண்ணிக்கையை வைத்து முன்னுரிமை தரும் எந்தப் பட்டியலிலும் உப்பளத் தொழிலாளர் நடந்தும் சைக்கிளிலும் போகும் சாலைகள் கடைசியில்தான் நிற்கும்.

இதற்கு மருந்து மேலே தார் பூசுவதில் இல்லை. ஐ.ஆர்.சி. 34 சொல்லும் வழி, சாலை மட்டத்தை நீர் மட்டத்திலிருந்து போதிய உயரம் தூக்குவது. நீர் மேலேறும் பாதையை அறுக்க அடியில் பருமணல் அடுக்கோ நீர் புகாத விரிப்போ வைப்பது. கட்டுமானத்தின்போது மண்ணை நனைக்க உவர்நீரைப் பயன்படுத்தாமல் இருந்தாலே பாதிச் சிக்கல் குறையும். இத்தகைய சாலைகளின் ஆய்வில் நிலத்தடி நீர் மட்டம், அடிமண்ணின் உப்பளவு ஆகிய இரண்டும் கட்டாயம் இடம்பெற வேண்டும். தேரி மணலுக்கோ பாரம் தாங்கும் வலு உண்டு, பிடிப்பு கிடையாது. சரிவைக் காற்றும் மழையும் அரித்தால் தார் ஓரம் அந்தரத்தில் நின்று, பிறகு ஒடியும்.

மழைக்கு முன்னா, பின்னா?

சாலை மிகப் பலவீனமாக இருப்பது அடிமண் நனைந்திருக்கும்போது. அதனால்தான் அமுக்கச் சோதனையை மழைக்காலம் முடிந்த உடனே செய்யச் சொல்கிறது ஐ.ஆர்.சி. 81, வேறு பருவத்தில் செய்தால் திருத்தக் கெழுவால் பெருக்க வேண்டும். நாட்டின் பெரும்பகுதிக்கு அந்தக் காலம் செப்டம்பர், அக்டோபர். தூத்துக்குடிக்கு அப்படி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் இந்தக் கரைக்குத் தென்மேற்குப் பருவமழை பெயரளவுக்குத்தான். இங்கே நனைவது வடகிழக்குப் பருவமழையில். செப்டம்பரில் அளந்தால் ஆண்டிலேயே மிக வறண்ட மண்ணின் வலுவை அளந்து, சாலை திடமாக இருப்பதாகச் சான்று தந்துவிடுவோம். இந்த மாவட்டத்துக்கு அளவீட்டு மாதங்கள் டிசம்பர் கடைசியும் ஜனவரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்தது இந்தக் கணக்கையெல்லாம் தாண்டிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. இந்தக் கரையில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரியைவிடக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது அதிகம். ஏரலில் தாமிரபரணிப் பாலத்தோடு சேரும் சாலை அறுத்துக்கொண்டு போனது. பல ஊர்கள் நாட்கணக்கில் தீவாயின. அறுந்த இடங்கள் கண்ணுக்குத் தெரிந்தன, செப்பனிடப்பட்டன. நாட்கணக்கில் நீரில் ஊறி, மேலே ஒரு கீறலும் இல்லாமல் நின்ற சாலைகள்தான் கவலைக்குரியவை. ஜல்லி அடுக்கில் நீர் நிறைந்திருக்கும்போது நிறைபார லாரி ஓடினால், ஆண்டுக்கணக்கில் வர வேண்டிய சேதம் வாரக்கணக்கில் வந்துவிடும். வெடிப்பு வழியே சாம்பல் நிறச் சேறு கசிந்து உலர்ந்திருப்பதே அதன் முதல் அடையாளம். வெள்ளம் வடிந்ததும் அமுக்கச் சோதனை செய்து, தேறும்வரை கனரக வாகனங்களுக்கு எடை வரம்பு விதிப்பதைப் பேரிடர் நடைமுறையின் பகுதியாகவே ஆக்க வேண்டும். பாலமடைகள், சிறுபாலங்கள் ஆகியவற்றின் நீர்வழி அடைப்பையும் அதே சுற்றில் பதிய வேண்டும். இந்தக் கரையில் சாலையை அதிகம் காப்பது தாரைவிட வடிகால்தான்.

எதற்கு முதல் செலவு?

அளந்தாகிவிட்டது. இனிப் பணம் குறைவு, சாலை அதிகம். பொதுவாக எல்லா ஊரிலும் நடப்பது, மிக மோசமான சாலைக்கு முதலில் செலவு. நியாயமாகத் தோன்றும் இந்த முறையில் பெரும் நட்டம் ஒளிந்திருக்கிறது. தார்ச்சாலையின் தேய்மானம் நேர்கோட்டில் போவதில்லை. முதல் பல ஆண்டுகள் மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்துக்குப் பின் மளமளவென்று சரியும். சரிவு தொடங்கும் முன் வெடிப்பை அடைத்து, மெல்லிய பூச்சு ஒன்று போட்டால் போதும். சரிந்த பின் தோண்டி எடுத்து அடியிலிருந்து போட வேண்டும். உலக வங்கியின் 1994-ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கை ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொன்ன கணக்கு இதற்குப் பொருந்தும்: காலத்தே 1,200 கோடி டாலர் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், பத்தாண்டுகளில் மறுகட்டுமானத்துக்குத் தேவைப்பட்ட 4,500 கோடி டாலரை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 1980-ல் இதைக் கணிதமாக்கியது. சாலைகளை நிலைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையிலிருந்தும் அடுத்த ஆண்டு எந்த நிலைக்கு இறங்கும் என்ற நிகழ்தகவைக் கணக்கிட்டு, குறைந்த செலவில் மொத்த வலையமைப்பையும் காக்கும் வேலைத்திட்டத்தைக் கணினி சொல்லும்படி செய்தது. முதல் ஆண்டிலேயே 1.4 கோடி டாலர் மிச்சம் என்று அந்த மாநிலம் கணக்குக் காட்டியது.

தூத்துக்குடிக்கு இதை எளிய நான்கு பிரிவுகளாகச் சொல்லலாம். ஓட்டமும் சீர், வலுவும் உண்டு: வெடிப்பை அடைத்து, புருவம் செதுக்கி, வடிகாலைத் தூர்வாரினால் போதும். ஓட்டம் மோசம், வலு உண்டு: மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துப் புதிதாக இடலாம். ஓட்டம் சீர், வலு இல்லை: இதுதான் ஆபத்தான வகை, பார்க்க அழகாக இருக்கும், உடனே வலுவூட்டும் அடுக்கு தேவை. இரண்டும் இல்லை: தோண்டி மறுகட்டுமானம் செய்யும்வரை போக்குவரத்துக்குப் பாதுகாப்பாக வைத்திருக்க மட்டும் செலவழிக்க வேண்டும், மேலே மேலே தார் பூசுவது வீண். கண்ணால் மட்டும் ஆய்வு செய்தால் மூன்றாம் வகை முதல் வகையாகவும், இரண்டாம் வகை நான்காம் வகையாகவும் பதிவாகும்.

அளவீட்டுக்குக் கட்டுப்பட்டு முடிவெடுக்கும் வழக்கம் இந்தக் கடற்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அரசு அதிகாரிகள் முத்துப்படுகைகளான பார்களுக்குப் படகில் சென்று, குளியாளிகளை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவார்கள். அவற்றைத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். மாதிரி தேறினால் குளிப்பு அறிவிக்கப்படும். தேறாவிட்டால் எத்தனை வணிகர் காத்திருந்தாலும் அந்த ஆண்டு குளிப்பு கிடையாது. 1961-ல் கடைசிக் குளிப்பு நடக்கும்வரை ஆய்வுக்குப் பிறகே முடிவு என்ற வரிசை மாறவில்லை. நம் சாலைகளிலோ வேலை முதலில் முடிவாகி, அதற்கேற்ற ஆய்வு பின்னால் கோப்பில் சேர்வதும் உண்டு.

கேமரா வண்டியும் கைபேசியும்

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025-ல் 23 மாநிலங்களில் ‘நெட்வொர்க் சர்வே’ வாகனங்களை ஓட்டும் திட்டத்தை அறிவித்தது. லேசர், கேமரா, ஜி.பி.எஸ். பொருத்திய இந்த வண்டி போக்குவரத்தோடு ஓடியபடியே வெடிப்பு, குழிவு, ஓட்டச் சீர் எல்லாவற்றையும் பதிகிறது. ஆளுக்கு ஆள் மாறும் கண் மதிப்பீட்டுக்கு இது முடிவு கட்டும். ஆனால் மூன்றாம் கேள்விக்கு இதனிடம் பதில் இல்லை. ஊறிப்போன அடித்தளம் லேசருக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேமரா வண்டி, அது காட்டும் சந்தேக இடங்களிலும் துறைமுகத் தடங்களிலும் அமுக்கச் சோதனை என்ற இரண்டடுக்கு முறையே சரி.

கைபேசி அதிர்வை வைத்துப் பள்ளம் கண்டுபிடிக்கும் முயற்சிகளும் உண்டு. 2012-ல் பாஸ்டன் நகரம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் பம்ப்’ செயலி, கைபேசியும் காரும் வைத்திருப்பவர் வாழும் பகுதிகளின் பள்ளங்களையே அதிகம் பதிந்தது என்பது பெரிதும் பேசப்பட்டது. நம் ஊரில் இருசக்கர ஓட்டி பள்ளத்தை ஒதுக்கித்தான் ஓட்டுவார். அவர் கைபேசியில் அதிர்வே பதியாது. தமிழக நெடுஞ்சாலைத் துறை 2023-ல் கொண்டுவந்த ‘நம்ம சாலை’ செயலி, பள்ளத்தைப் படமெடுத்து அனுப்பினால் கெடுவுக்குள் அடைக்கும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அது புகார்ப் பெட்டி. அதை நிலை ஆய்வாக எடுத்துக்கொண்டால், சத்தம் போடும் ஊருக்கே தார் போகும்.

மாநகரத் தெருக்கள்

2008-ல் மாநகராட்சியான தூத்துக்குடியின் தெருக்களில் சேதத்துக்கு முதல் காரணம் லாரி அல்ல, தோண்டுதல். பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் வெட்டிய பள்ளத்தை அடுக்கடுக்காகக் கெட்டிக்காமல் மூடினால், அடுத்த மழையில் அதே நீளத்துக்குச் சாலை உட்காரும். தெரு ஆய்வில் வெட்டிய தேதி, மூடிய முறை, மூடியவர் யார் என்பவையும் பதிவாக வேண்டும்.

இன்னொன்று மட்டம். பழைய தாரின் மேல் புதுத் தார் போட்டுப் போட்டு, வீடுகள் தெருவுக்குக் கீழே போன ஊர் இது. மழைநீர் வடியச் சரிவே இல்லாத தட்டை நிலத்தில் ஒவ்வோர் அங்குலமும் கணக்கு. 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவிட்டார். அதை நிறைவேற்றியதற்குச் சான்று வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த மட்ட அளவீடுதான். பில்லோடு அந்த அளவீடும் சேர வேண்டும்.

யார் பொறுப்பு?

பொள்ளாச்சி, கிருஷ்ணகிரி போன்ற கோட்டங்களில் தமிழகம் செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தங்களை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. எத்தனை டன் தார் போட்டார் என்பதற்குப் பதிலாக, சாலையைக் குறித்த தரத்தில் ஐந்தாண்டு வைத்திருந்தாரா என்பதற்குப் பணம். தூத்துக்குடிக்கும் இம்முறை பொருந்தும். ஒரு நிபந்தனை உண்டு. தரத்தில் அமுக்க அளவும் இருக்க வேண்டும். ஓட்டச் சீரை மட்டும் நிபந்தனையாக வைத்தால், ஒப்பந்தக்காரர் மெல்லிய பூச்சால் காலத்தைத் தள்ளிவிடுவார். ஆறாம் ஆண்டில் சாலை அரசின் தலையில் விழும்.

எந்த ஒப்பந்தமும் சாலைப் பணியாளரின் இடத்தை நிரப்பாது. 1997-ல் தமிழகத்தில் சுமார் 10,000 பேர் அந்த வேலைக்கு எடுக்கப்பட்டார்கள், 2002-ல் நீக்கப்பட்டார்கள், 2006-ல் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். புருவம் உயர்ந்து நீர் தேங்குவதையும், பாலமடையில் புதர் அடைத்திருப்பதையும், புதிதாக விழுந்த முதல் வெடிப்பையும் அன்றாடம் காண்பவர் அவர்தான். அவர் கையில் ஓர் எளிய படிவமும் கைபேசியும் இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் கேமரா வண்டியின் இடைவெளி நிரம்பும்.

மொத்தத்தில் செய்ய வேண்டியவை நான்கு. துறைமுக வாயிலிலும் சுங்கச்சாவடிகளிலும் எடுக்கும் எடைக் கணக்கைச் சாலைப் பராமரிப்புத் திட்டத்தோடு இணைக்க வேண்டும். அமுக்கச் சோதனையை டிசம்பர் – ஜனவரியில், தடம் தடமாகச் செய்ய வேண்டும். கரையோரச் சாலைகளின் ஆய்வில் உப்பையும் நீர் மட்டத்தையும் சேர்க்க வேண்டும். நன்றாக இருக்கும் சாலையைக் காக்க நிதியில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி, மற்ற வேலைக்கு அதைத் தொடாமல் இருக்க வேண்டும். நான்குக்கும் தேவையான கருவியும் விதித்தொகுப்பும் நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன.

கிலோமீட்டர்வாரியாக எடுத்த எண்களை ஆண்டுதோறும் மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள் என்பதே நெடுஞ்சாலைத் துறையிடமும் ஆணையத்திடமும் மாநகராட்சியிடமும் வைக்க வேண்டிய கோரிக்கை. அந்த எண்கள் வெளியில் இருந்தால், சாலை நன்றாக இருக்கிறதா என்று கேட்க யாரும் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.